காப்புரிமை கேளாத பட்டம்

1894 நவம்பர் 12. சிட்னிக்குத் தெற்கே ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில், ஒரே கயிற்றில் கோத்த நான்கு பெட்டிப் பட்டங்களின் கீழ் அமர்ந்து லாரன்ஸ் ஹார்கிரேவ் 16 அடி உயர்ந்தார். கயிறு தரையோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆகவே இதனைப் பறத்தல் என்பது மிகை. எனினும், காற்றில் நிலைகுலையாது மனித எடையைத் தாங்கும் இறகமைப்பு இயலும் என்பது அன்று மெய்ப்பட்டது.

1850இல் கிரீனிச்சில் பிறந்து 1865இல் சிட்னி சேர்ந்தவர். பொறிப்பட்டறையில் தொழில் பயின்று, பின் வானாய்வகத்தில் பணியாற்றியவர். பட்டம் பெறாதவர் விட்ட பட்டம் என நம் மொழியில் சிலேடையாகச் சொல்லலாம்.

தம் ஆய்வு எதற்கும் அவர் காப்புரிமை கோரவில்லை. அளவுகள், வரைபடங்கள், தோல்விகள் அனைத்தையும் நியூ சவுத் வேல்ஸ் ராயல் சங்கத்தில் வாசித்து வெளியிட்டார். 1906இல் பாரிஸில் சாந்தோஸ் துமோன் பறந்த விமானத்தின் இறக்கைகள் ஹார்கிரேவின் பெட்டி வடிவமே. காப்புரிமை இன்மையால்தான் அவர் மறக்கப்பட்டார் என்பது எளிய விளக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கொடையாக அளிக்க முன்வந்த மாதிரிகளை அவர் விரும்பியவாறு பேண ஆஸ்திரேலிய நிறுவனம் எதுவும் முன்வரவில்லை. அவை மியூனிக் அருங்காட்சியகத்துக்குச் சென்றன.

1915 மே மாதம் ஒரே மகன் ஜெஃப்ரி கலிப்போலியில் மாண்டார். ஜூலையில் தந்தையும் மறைந்தார். 1966இல் 20 டாலர் தாளில் அவர் முகம் அச்சேறியது. அதற்குள் மியூனிக்கில் இருந்த மாதிரிகளுட் பல, இரண்டாம் உலகப்போரின் விமானக் குண்டுவீச்சில் அழிந்திருந்தன.