மோட்டார் சைக்கிள் முடுக்கி

மோட்டார் சைக்கிள் முடுக்கி என்பது எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அளவை ஓட்டுநர் தனது வலக் கையால் கட்டுப்படுத்த உதவும் அமைப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது ஆக்சிலேட்டர் என்றே அறியப்படுகின்றது. கைப்பிடியைத் தன் பக்கமாக முறுக்கினால் எஞ்சின் வேகம் கூடும். கையை விட்டால் சுருள்வில் ஒன்று அதனை மூடிய நிலைக்கு இழுத்துவிடும். இந்த இரண்டாவது செயல் முதலாவதைவிட முக்கியமானது. முறுக்கினால் திறக்காத முடுக்கி வண்டியை நிறுத்திவிடும். விட்டால் மூடாத முடுக்கி ஆளைக் கொன்றுவிடும்.

இக்கட்டுரை முடுக்கி இயங்கும் முறையையும், அது திக்கித் திணறாமல் சீராக இயங்குவதற்கான வழிகளையும், உப்புக்காற்று வீசும் தூத்துக்குடி போன்ற கடற்கரைகளில் அது ஏன் விரைவில் கெடுகின்றது என்பதையும் விளக்குகின்றது.

அமைப்பு

தொடக்ககால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் காற்றைக் கட்டுப்படுத்த விரலால் தள்ளும் சிறு நெம்புகோல்களே இருந்தன. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இந்தியன், கர்ட்டிஸ் வண்டிகள் முறுக்குப் பிடியைப் பயன்படுத்தின. பின்னர் அதுவே உலகெங்கும் வழக்கமானது.

பிடியின் உள்ளே பிளாஸ்டிக் குழாய் ஒன்று ஹேண்டில்பாரின் மேல் சுழல்கின்றது. அதன் உள்முனையில் உள்ள சிறு உருளையில் கேபிளின் தலை மாட்டப்பட்டிருக்கும். கேபிள் இரு பகுதிகளைக் கொண்டது. உள்ளே முறுக்கப்பட்ட எஃகு இழைகளால் ஆன கம்பி ஓடுகின்றது; வெளியே சுருள் கம்பியால் ஆன உறை, அதன் மேல் பிளாஸ்டிக் போர்வை. இங்கிலாந்தின் எர்னஸ்ட் பௌடன் 1896 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றதால் இதனைப் பௌடன் கேபிள் என்பர். மிதிவண்டியின் பிரேக்கிலும் மோட்டார் சைக்கிளின் கிளட்சிலும் இருப்பதும் இதுவே.

கேபிளின் மறுமுனை எங்கே போகின்றது என்பதைப் பொறுத்து முடுக்கியின் குணம் மாறுகின்றது. பழைய புல்லட், யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகளின் கார்புரேட்டரில் கேபிள் ஸ்லைடு எனப்படும் உருளை வடிவ அடைப்பானை நேராக மேலே தூக்குகின்றது. கை எவ்வளவு வேகமாக முறுக்குகின்றதோ அவ்வளவு வேகமாக வழி திறக்கும். எஞ்சின் அதற்குத் தயாராக இல்லாவிட்டால் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்து ஒரு கணம் திக்கும். இக்குறையைப் போக்கவே 1999 ஆம் ஆண்டில் வெளிவந்த ஹீரோ ஹோண்டா சி.பி.இசட். வண்டியில், திடீரென முறுக்கும்போது கூடுதல் பெட்ரோலைப் பீச்சும் சிறு பம்ப் சேர்க்கப்பட்டது. மாறா வெற்றிட வகைக் கார்புரேட்டர் வேறு வழியைக் கையாள்கின்றது. அதில் கேபிள் திருப்புவது ஒரு வட்டத் தட்டை மட்டுமே. ஸ்லைடை எஞ்சினின் உறிஞ்சு விசையே தூக்கும். ஓட்டுநரின் கை அவசரப்பட்டாலும் எஞ்சின் தன் தேவைக்கேற்பவே எடுத்துக்கொள்ளும். ஆகவே இது இயல்பிலேயே மென்மையானது.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், இந்தியாவில் புதிதாக விற்கப்படும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருள் பீச்சல் முறையே இடம்பெறுகின்றது. ஒசூரில் தயாராகும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 மொபெட்டும் இதற்கு விலக்கல்ல. எனினும் பெரும்பாலான பீச்சல் வண்டிகளில் கேபிள் நீங்கவில்லை. அது இப்போது காற்றுக்குழாயின் தட்டைத் திருப்புகின்றது. தட்டின் கோணத்தை உணரி ஒன்று மின்னணுக் கட்டுப்பாட்டகத்துக்குத் தெரிவிக்கின்றது.

சிறு திறப்பில் உள்ள சிக்கல்

முடுக்கி "வெடுக்கென்று இழுக்கிறது" என்று ஓட்டுநர்கள் குறைகூறுவது பெரும்பாலும் முதல் கால் பங்குத் திறப்பைப் பற்றியதே. தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும்போது அதன் இருபுறமும் காற்றழுத்த வேறுபாடு மிகுதி. எனவே சிறிதளவு திறந்தாலும் உள்ளே பாயும் காற்று வெகுவாக மாறுகின்றது. பாதிக்கு மேல் திறந்தபின் அதே அளவு முறுக்கினால் பெரிய மாற்றம் ஏதும் தெரியாது.

இதனுடன் மூன்று தளர்வுகள் சேர்ந்துகொள்கின்றன: கேபிளின் தளர்வு, சங்கிலியின் தளர்வு, பின்சக்கரத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் துண்டுகளின் தேய்மானம். கை முறுக்கத் தொடங்கியதும் முதலில் கேபிள் இறுகும், பிறகு சங்கிலி இறுகும், பிறகு ரப்பர் நசுங்கும், அதன்பின் ஒரே அடியில் வண்டி தாவும். ஆகவே முடுக்கி மோசம் என்று முடிவு செய்யுமுன் சங்கிலியைப் பார்ப்பது நல்லது. பல வண்டிகளில் குறை அங்கேயே தீர்ந்துவிடுகின்றது. பீச்சல் வண்டிகளில் மற்றொரு காரணமும் உண்டு. கையை முழுதும் விட்டு வேகம் குறையும்போது கட்டுப்பாட்டகம் பெட்ரோலை முற்றிலும் நிறுத்திவிடும். மீண்டும் முறுக்கும்போது அது திரும்ப வருவது ஒரு சிறு உதைப்பாக உணரப்படும்.

கார்புரேட்டர் வண்டியில் எந்தத் திறப்பில் திக்குகின்றது என்பதை வைத்தே கோளாறின் இடத்தைக் கணிக்கலாம். எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் அதன் திருகும் பொறுப்பு. கால் பங்கு வரை ஸ்லைடின் அடிவெட்டு. கால் முதல் முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட்.

தூத்துக்குடிக் கடற்கரையில்

முத்துக்குளித்துறை எனப்படும் இக்கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடைபெற்றது 1961 ஆம் ஆண்டில். இன்று கரையின் தொழில்கள் மீனும் உப்பும் துறைமுகமும் ஆகும். 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கும் துறைமுகத்துக்கு மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கொள்கலன் லாரிகள் வந்த வண்ணம் உள்ளன. தமிழ்நாட்டில் உப்பு உற்பத்தியில் முதலிடம் வகிக்கும் மாவட்டமும் இதுவே. மீன் பெட்டியைக் கட்டிய மொபெட்டும், உப்பளத்துக்குச் செல்லும் தொழிலாளியின் மோட்டார் சைக்கிளும் இந்த லாரிகளின் இடையேதான் ஊர்ந்து செல்லவேண்டும். இங்கே மணிக்கு 15 அல்லது 20 கி.மீ. வேகத்தில், முடுக்கியின் முதல் கால் பங்கிலேயே பெரும்பாலான ஓட்டம் அமைகின்றது. ஒரு வெடுக்கு இழுப்பு வண்டியை லாரியின் பின்புறத்திலோ பக்கச் சக்கரத்தின் அருகிலோ கொண்டுபோய்விடும்.

உப்பு கேபிளைக் கெடுக்கும் முறை எளியது. கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு, கேபிளின் திறந்த முனைகளில் படிகின்றது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சாதாரண உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைகின்றது. இரவில் அந்த அளவு ஈரப்பதம் கடற்கரையில் அரிதன்று. ஆகவே மழையே பெய்யாத மாதத்திலும் கம்பி ஒவ்வோர் இரவும் உப்புநீரில் நனைந்து பகலில் காய்கின்றது. துத்தநாகப் பூச்சு முதலில் போகும், பிறகு எஃகு துருப்பிடிக்கும். துரு, தான் உண்டான எஃகைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால், குறுகிய உறைக்குள் கம்பி இறுகத் தொடங்குகின்றது. பிளாஸ்டிக் போர்வையில் எங்கேனும் வெடிப்பு இருந்தால் நீர் உள்ளே இறங்கிக் கேபிளின் மிகத் தாழ்ந்த வளைவில் தேங்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெற்கே திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணல் மற்றொரு தொல்லை. ஆடிக்காற்றில் பறக்கும் நுண்மணல் முறுக்குப் பிடியின் உள்ளே புகுந்து கிரீசுடன் கலந்து அரைப்பது போன்ற ஓசையைத் தரும்.

இவற்றில் மிக ஆபத்தானது கம்பித் தலையருகே இழைகள் ஒவ்வொன்றாக அறுவது. அறுந்த இழை உறையின் வாயில் குத்திக்கொண்டால் சுருள்வில்லால் அதனை மீட்க இயலாது. முடுக்கி திறந்தபடியே நிற்கும். அப்படி நேர்ந்தால் உடனே கிளட்சைப் பிடித்து, வலக் கைப் பக்கத்துச் சிவப்பு நிற எஞ்சின் நிறுத்து பொத்தானை அழுத்தவேண்டும். அப்பொத்தான் இல்லாத வண்டிகளில் சாவியைத் திருப்பி நிறுத்தலாம். ஆனால் ஹேண்டில் பூட்டிக்கொள்ளும் நிலைவரை திருப்பிவிடக் கூடாது. பிடியை முன்னும் பின்னும் முறுக்கிப் போராடுவது வீண் வேலை. மெல்லச் சொரசொரப்பு தட்டும் கேபிளை "இன்னும் கொஞ்சநாள் ஓடட்டும்" என்று விடுவதே இவ்விபத்துகளின் தொடக்கம் எனலாம்.

சீரமைத்தல்

புதிய பாகங்களுக்குச் செலவழிக்குமுன் செய்யவேண்டிய வேலைகள் சில உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிடியை முழுதும் முறுக்கிக் கையை எடுத்தால், அது "டக்" என்ற ஓசையுடன் தானே மூடவேண்டும். ஹேண்டில்பாரை இடக் கோடி, வலக் கோடி, நடு என மூன்று நிலைகளிலும் வைத்து இதனைச் சோதிக்கவேண்டும். எஞ்சின் ஓடும்போது ஹேண்டில்பாரைத் திருப்பினால் வேகம் தானே கூடுமாயின், கேபிள் இழுபடும் வழியில் மாட்டப்பட்டிருக்கின்றது என்று பொருள்.

பிடியின் விளிம்பில் அளந்தால் தளர்வு பல வண்டிகளில் 2 முதல் 6 மி.மீ. வரை இருக்கவேண்டும், சரியான அளவு உரிமையாளர் கையேட்டில் இருக்கும். மென்மை வேண்டித் தளர்வை அறவே நீக்குவது தவறு. சிலர் ரப்பர் பிடியை மாற்றும்போது அதனை உள்பக்கம் அளவுக்கு மீறித் தள்ளிவிடுகின்றனர். அது சுவிட்சுப் பெட்டியில் உரசி முடுக்கியைக் கனக்கச் செய்யும். புதுக் கேபிள் போட்டும் தீராத கனத்துக்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

கேபிளுக்கு எண்ணெய் விடுவதற்குப் பட்டறைகளில் பழைய முறை ஒன்று உண்டு. மேல்முனையைக் கழற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கூம்பாகக் கட்டி, அதில் மெல்லிய எண்ணெயை ஊற்றி இரவு முழுதும் தொங்கவிட்டால், காலையில் அடிமுனையில் எண்ணெய் சொட்டும். முதலில் வருவது செம்பழுப்பாக இருந்தால் உள்ளே துரு உள்ளது. அந்தக் கேபிளை மாற்றிவிடுவதே அறிவுடைமை. கெட்டியான கிரீசு கேபிளுக்கு ஆகாது, அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உட்புறம் வழுவழுப்பான டெஃப்லான் குழல் கொண்ட கேபிள்களுக்குப் பொதுவாக எண்ணெயே தேவைப்படாது. இரண்டு வீச்சு எஞ்சின்களில் எண்ணெய்ப் பம்பும் முடுக்கியோடு இணைக்கப்பட்டிருந்தால், ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றதையும் சேர்த்தே சரிசெய்யவேண்டும். இல்லையேல் எஞ்சின் இறுகிவிடும்.

படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின்களிலும் இதே முறுக்குப் பிடி உண்டு. கடலிலிருந்து திரும்பியதும் எஞ்சினை நன்னீரால் கழுவவேண்டும் என்பது அவற்றின் தயாரிப்பாளர்கள் தரும் விதி. அதே கரையில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அவ்விதி பொருந்தும். ஆனால் கழுவும் நீர் கேபிள் முனைக்குள் பீச்சப்படக் கூடாது.

மேம்படுத்தல்

கடற்கரை வண்டிக்குச் செய்யத்தக்க முதல் மேம்பாடு, துருவேறா எஃகுக் கம்பியும் டெஃப்லான் குழலும் கொண்ட கேபிளைப் பொருத்துவதாகும். துருவேறா எஃகும் உப்பினால் புள்ளி புள்ளியாக அரிக்கப்படக் கூடியதே எனினும், சாதாரணக் கம்பியைவிட நெடுநாள் உழைக்கும்.

அடுத்தது முறுக்கு உருளையை மாற்றுவது. இங்கே சிறு கணக்கு ஒன்று உதவும். 24 மி.மீ. துளையுள்ள ஸ்லைடு கார்புரேட்டரை முழுதும் திறக்கக் கேபிள் 24 மி.மீ. நகரவேண்டும். உருளையின் ஆரம் 18 மி.மீ. எனில் கை ஏறத்தாழ 76 பாகை முறுக்கவேண்டும். ஆரத்தை 24 மி.மீ. ஆக்கினால் 57 பாகை போதும். இதுவே பந்தய வண்டிகளின் விரைவு முடுக்கி. பழைய சோழவரம் விமான ஓடுதளப் பந்தயங்களும், அதற்குப் பின்வந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும் இத்தகைய முடுக்கிக்கு ஏற்ற இடங்கள். ஆனால் ஒரு பாகைக்கு 0.31 மி.மீ. திறந்தது இப்போது 0.42 மி.மீ. திறக்கும், சுருள்வில்லை எதிர்க்கும் கையின் உழைப்பும் மூன்றில் ஒரு பங்கு கூடும். துறைமுகச் சாலையில் ஊர்வதற்கு இது நேர்மாறான மருந்து. "பந்தயத் தரம்" என்ற பெயருக்காக இதனை வாங்கிப் பொருத்துவோர், தாம் தீர்க்க நினைத்த குறையையே பெருக்கிக்கொள்கின்றனர்.

சீரான கட்டுப்பாட்டை விரும்புவோருக்கு உகந்தது நத்தை வடிவ உருளை ஆகும். இதில் ஆரம் தொடக்கத்தில் சிறிதாகவும் போகப்போகப் பெரிதாகவும் இருக்கும். தொடக்க ஆரம் 12 மி.மீ. எனில் ஒரு பாகைக்கு 0.21 மி.மீ. மட்டுமே திறக்கும். முதல் கால் பங்கு மெதுவாகவும் மீதி வழக்கம்போலவும் அமைவதால் முழுத் திறப்பு இழக்கப்படுவதில்லை. இதனைப் பொருத்தியபின் முழுத் திறப்பும் முழு மூடலும் தடையின்றி நிகழ்கின்றனவா என்பதைக் கட்டாயம் சோதிக்கவேண்டும்.

கார்புரேட்டரையே மாற்றுவது பெரிய வேலை. ஜெட் அளவுகளை மீண்டும் அமைக்கவேண்டும், மாசு அளவும் மாறும். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. கேபிளும் உருளையும் அவ்விவரங்களில் அடங்குவதில்லை.

மின்வழி முடுக்கி

2006 ஆம் ஆண்டின் யமஹா ஆர். 6 போன்ற வண்டிகளில் தொடங்கி, காற்றுத் தட்டைக் கேபிளுக்குப் பதில் மின்மோட்டார் திருப்பும் முறை பரவியது. தமிழ்நாட்டில் தயாராகும் வண்டிகளில் 2020 இன் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310, 2023 இன் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 ஆகியவை இம்முறையைக் கொண்டவை. கை முறுக்குவது ஓர் உணரியை மட்டுமே. எவ்வளவு திறப்பது என்பதைக் கணினி முடிவு செய்கின்றது. ஆகவே நத்தை வடிவ உருளை செய்யும் வேலையை இங்கே மென்பொருள் செய்துவிடுகின்றது. மழைக்கு ஒன்று, நெடுஞ்சாலைக்கு ஒன்று என ஓட்டும் நிலைகளையும் தேர்ந்தெடுக்கலாம். பாதுகாப்புக்காக இரண்டு உணர் தடங்கள் வைக்கப்படுகின்றன. இரண்டும் முரண்பட்டால் எஞ்சினின் ஆற்றல் குறைக்கப்படும்.

மின்சார ஸ்கூட்டர்களின் பிடியில் உள்ளதும் பெரும்பாலும் காந்தப்புலத்தை அளக்கும் ஹால் உணரியே. ஏறத்தாழ 5 வோல்ட் மின்னழுத்தம் பெற்று, பிடியின் கோணத்துக்கேற்ப 0.8 முதல் 4.2 வோல்ட் வரை திருப்பித் தருவது இவற்றில் வழக்கமான அமைப்பு. உரசும் பாகம் இல்லாததால் உணரி தேய்வதில்லை. ஆனால் அதன் மின் இணைப்பி உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும். கேபிள் வண்டியில் எண்ணெய் விட்ட இடத்தில், இங்கே இணைப்பியின் ரப்பர் உறை கிழியாமல் இருக்கின்றதா என்று பார்த்து, மின் இணைப்புகளுக்கான சிலிக்கோன் கிரீசைப் பூசவேண்டும்.