தனுஷ்கோடியும் நம் வன்னியும்

மன்னார்த் தீவின் மேற்குக் கோடியில் நின்று கடலை நோக்குவோமாயின், ஏறக்குறைய 18 மைலுக்கு அப்பால் பாரத நாட்டின் ஒரு கோடி கிடக்கின்றது. அதுவே தனுஷ்கோடி. இடையே கிடக்கும் மணற்றிட்டுகளின் நடுவே இரு நாடுகளின் எல்லை செல்கின்றது. அவ்வூரின் பெயரைக் கேட்டதும் இராமபிரானின் வில்லும் சேது தீர்த்தமும் நம் நினைவில் எழும். வன்னிக்கும் அதற்கும் உள்ள உறவை நினைப்பவர் மிகச் சிலரே. அதனை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

காசி யாத்திரை சென்றவர் சேதுவில் நீராடினாலன்றி யாத்திரை நிறைவுறாது என்பது நம் முன்னோர் கொண்ட நம்பிக்கை. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தம் நாணயங்களில் ‘சேது’ என்னும் சொல்லையே பொறித்தனர். அக்காலத்தில் இக்கடல் இருகரையையும் பிரிக்கும் வேலியன்று. இணைக்கும் வழியாகவே விளங்கியது.

1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மதவாச்சியிலிருந்து தலைமன்னார்க்குப் புகையிரதப் பாதையும் அமைந்தது. வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில் வண்டியேறிய ஒருவர் தலைமன்னார்த் துறையில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, மீண்டும் வண்டியேறிச் சென்னை சேரலாம். ‘போட் மெயில்’ என்று நம் பாட்டன்மார் கூறியது இப்பிரயாணத்தையே. சிறிய மீன்பிடி ஊராகிய தனுஷ்கோடி, புகையிரத நிலையமும் சுங்கச் சாவடியும் தபாற்கந்தோரும் கொண்ட வாசலாயிற்று.

மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த நம் சகோதரரை இங்கு மறத்தலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பலர். பின்வந்தோர் மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதிக்கப்பட்டு, தனுஷ்கோடி வழியே வந்தனர்.

1964 டிசம்பர் 22ஆந் தேதி ஒரு பெரும் புயல் வவுனியாவை ஊடறுத்துச் சென்றது. நம் கூரைகளைப் பறித்த அதே காற்று, அன்றிரவே கடல் தாண்டித் தனுஷ்கோடியை அடைந்தது. பாம்பனிலிருந்து அவ்வூரை நோக்கி வந்துகொண்டிருந்த வண்டியைக் கடலலை மூடியது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைத்திலர். நிலையமும் வீடுகளும் அழிந்தன. அண்மையிலிருந்த கோதண்டராமர் கோயில் தப்பியது. பாம்பன் பாலம் 46 நாட்களிற் சீர்செய்யப்பட்டது. தனுஷ்கோடிக்குச் சென்ற பாதையோ மீளவேயில்லை. மனிதர் வாழத் தகாத இடமென அரசாங்கம் அவ்வூரை அறிவித்தது. ஆயினும் மீனவர் சிலர் கடலை நம்பி அங்கேயே குடிசையமைத்து வாழலாயினர்.

1974ஆம் ஆண்டில் இரு அரசாங்கங்களும் கடலில் எல்லைக்கோடு வகுத்தன. இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. கப்பல் நின்றபோதும் மனிதர் கடப்பது நிற்கவில்லை. 1983க்குப் பின் நம்மவர் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு படகேறினர். மணற்றிட்டுகளில் இறக்கிவிடப்பட்டுத் தவித்தோரும் உளர். இலங்கைக்கு வருவோரைத் தடுத்துவைத்த அதே மண்டபம், இலங்கையிலிருந்து ஓடியோரின் அகதிமுகாமாயிற்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலும் பசிக்கு அஞ்சியவர்கள் அக்கரையையே நாடினர்.

ஓர் ஊர் அழிவதென்றால் யாதென்று வன்னி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2009இல் ஊரிழந்த இலட்சக்கணக்கானோரைச் செட்டிகுளத்து முகாம்களே கண்டன. வீடு போனாலும் மீளக் கட்டலாம். நினைவு போனால் எதனைக் கொண்டு கட்டுவோம்?

வாலிபர்களே! போட் மெயிலில் சேது நீராடச் சென்றவரும், 1964இன் காற்றில் கிடுகு பறந்த இரவைக் கண்டவரும் நம் ஊர்களில் இன்னும் சிலர் உளர். ஆண்டுதோறும் அவர் தொகை குறைகின்றது. இவ்வாண்டு ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு முதியவர் ஒருவரிடமேனும் கேட்டு, அவர் கூறுவதை எழுதி வைப்பீராக. முதியோரே! கேட்கும் வரை காத்திராது நீங்களும் கூறுவீராக. கடல் கொண்ட ஊரைக் கடலிடமிருந்து மீட்டல் நம்மால் இயலாது; மறதியிடமிருந்து மீட்டல் இயலும்.