சீட்டுக்கு ஒரு குடை

நீலப் பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு தெரிகிறது. வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம். 7 விநாடிக்குப் பிறகு அது அறுபட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. வாக்கைக் காகிதத்தில் காட்டும் விவிபாட் கருவி செய்யும் வேலை இவ்வளவுதான்.

விவிபாட் வருவதற்கு முன்பு வாக்குப்பதிவு இயந்திரம் பெரும்பாலும் மின்னணுக்காரர்களின் பிள்ளை. (பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அதன் உருவாக்கத்தில் எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்குண்டு என்பது நம் வாசகர்கள் அறிந்த கதை.) 2010 அக்டோபரில் தேர்தல் ஆணையம் டெல்லியில் கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டத்தில், காகிதத்தில் அத்தாட்சி வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அதை ஆராயும் பொறுப்பு, சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் இயக்குநர் பி.வி. இந்திரேசன் தலைமையிலான நிபுணர் குழுவுக்குப் போனது. காகிதம் உள்ளே நுழைந்ததும் அச்சு முனை, உருளை, வெட்டும் கத்தி, உணரி எல்லாம் கூடவே நுழைந்தன. இனிமேல் மின்னணு, இயந்திரவியல், ஒளியியல் மூன்றும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் நடத்தியாக வேண்டும். இதில் எது சொதப்பினாலும் வாக்காளர் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: மிஷின் ரிப்பேர்.

2011 ஜூலையில் மாதிரிகளை லடாக், ஜெய்சல்மேர், சிரபுஞ்சி, திருவனந்தபுரம், கிழக்கு டெல்லி ஆகிய ஐந்து இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். குளிர், பாலை வெயில், ஓயாத மழை, கடலோர ஈரம், தலைநகரின் நெரிசல் என்று ஆளுக்கொரு குணம். கண்ட குறைகளைத் திருத்தி அடுத்த ஆண்டு மீண்டும் அதே இடங்கள். 2013 பிப்ரவரியில் குழு வடிவமைப்பை ஏற்றது. அதே மாதம் இந்திரேசன் காலமானார். செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் விவிபாட் முதன்முதலாகக் களம் கண்டது. படிப்படியாக எல்லாத் தேர்தல்களிலும் அதைக் கொண்டுவரும்படி அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டவர் சுப்பிரமணியன் சுவாமி.

உண்மையான பரீட்சை 2018 மே மாதம் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் டெல்லிக்கு வடக்கே உள்ள கைரானாவிலும், மகாராஷ்டிரத்தின் பண்டாரா-கோந்தியாவிலும் இடைத்தேர்தல். அனல் பறக்கும் வெயிலில் விவிபாட்டுகள் வரிசையாக நின்றுபோயின. கைரானாவில் மட்டும் 73 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு. ஆணையம் பிறகு சொன்ன காரணங்களில் இரண்டு கவனிக்கத்தக்கவை. அச்சைச் சரிபார்க்கும் உணரி மீது நேரடியாக வெளிச்சம் விழுந்திருக்கிறது. தாள் சுருள் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது.

என் கணிப்பில், இது எந்தத் தனித்துறையின் தோல்வியும் அல்ல. உணரியைச் செய்தவருக்குச் சாவடியின் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிய வழியில்லை. பெட்டியை மேசையில் வைத்த ஊழியருக்கு உள்ளே உணரி இருப்பது தெரியாது. தாளையோ, எழுதுபொருள் கணக்கில் சேர்க்கத்தான் எவருக்கும் தோன்றும். அது இயந்திரத்தின் உறுப்பு என்று நினைக்க மனம் வராது.

கடைசியில் சொல்லப்பட்ட மாற்றங்கள் இரண்டே: உணரிக்கு மேல் வெளிச்சத்தை மறைக்கும் சிறு மூடி, ஈரம் உறிஞ்சாத தாள். 2019 மக்களவைத் தேர்தலில் நாட்டின் எல்லாச் சாவடிகளிலும் விவிபாட் இருந்தது.