தூதும் துணைக்குழுவும்

ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரர் கோயிலிலும் அப்போது கூட்டம் நெரியும். விழா எடுக்கப்படும் ஓரி போரில் மடிந்தவன். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததாகச் சங்கப் பாடல் சொல்கிறது. பிறகு இதே கொல்லியில் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானையும் இரு பெருவேந்தரையும் வென்று தகடூரை அழித்தான் என்கிறது பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம்.

அந்த அதியமானுக்காகத்தான் ஔவையார் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனார். (பள்ளி நாடகங்களில் கோலூன்றி வரும் நரைத்த பாட்டி பிற்காலக் கற்பனை.) தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். உன் ஆயுதங்கள் நெய் பூசி மயிற்பீலி சூட்டி அழகாக இருக்கின்றன, என் அரசனுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புறநானூற்றின் 95ஆம் பாடல் இது. முதல் பெண் தூதர் என்று நாம் பெருமைப்படுகிறோம்; படலாம். ஆனால் அவர் அங்கே எடுத்துச் சொன்னது அரசனின் வேல் வலிமையை. போர் வந்தால் தினைப்புனமும் பிள்ளைகளும் என்னவாகும் என்ற பேச்சுக்கு அந்தத் தூதில் இடமில்லை.

அந்தப் பேச்சைத் தங்கள் பேச்சாகவே எடுத்துக்கொண்டு இரு பகைத் தரப்புப் பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்தது 2003 மார்ச்சில், கிளிநொச்சியில். இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம். செப்டம்பரில் தாய்லாந்தில் பேச்சு தொடங்கியது. தலைமைப் பேச்சாளர்கள் ஜி.எல். பீரிஸ், அன்ரன் பாலசிங்கம். மூன்றாம் சுற்று டிசம்பரில் ஒஸ்லோவில். கூட்டாட்சித் தீர்வை ஆராய இரு தரப்பும் இசைந்த அதே சுற்றில் பெண்கள் விவகாரத்துக்கான துணைக்குழுவுக்கும் ஒப்புதல் கிடைத்தது. முதலாவது உலகெங்கும் தலைப்புச் செய்தி. இரண்டாவதை எத்தனை பேர் கவனித்தார்கள்?

தரப்புக்கு ஐந்து பெண்கள். அரசுத் தரப்புக்குக் குமாரி ஜெயவர்த்தன தலைமை. மூன்றாம் உலக நாடுகளில் பெண்ணியமும் தேசியமும் பின்னிக் கிடப்பதைப் பற்றி 1986இலேயே நூல் எழுதியவர். புலிகள் தரப்புக்குத் தலைமை அவர்களின் மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளர் தமிழினி. நடுவே நோர்வேயின் அஸ்ட்ரிட் ஹைபெர்க். மீள்குடியேற்றம், பெண்களின் பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியலில் பங்கு, நல்லிணக்கம் என்று அவர்கள் வகுத்த பட்டியலில் எல்லைக்கோடு எங்கே என்ற கேள்வி இல்லை. வீடு திரும்பும் பெண்ணுக்கு வழியில் என்ன நேரும் என்ற கேள்வி இருந்தது. என் பார்வையில் அந்த ஆறு சுற்றுப் பேச்சில் உண்மையான முன்னேற்றம் இதுதான்.

ஆனால் அது துணைக்குழு. பரிந்துரைக்கலாம்; முடிவெடுக்கும் மேசை வேறு. அந்த மேசையை விட்டுப் புலிகள் 2003 ஏப்ரல் 21 அன்று விலகியதும் பெண்களின் பேச்சும் நின்றது. யாரும் அவர்களைக் கேட்டு நிறுத்தவில்லை. 2006இல் மீண்டும் முழுப் போர். 2009 மே மாதத்தில் முடிவு. தமிழினி சிறையும் புனர்வாழ்வு முகாமும் கண்டு 2013இல் வெளியே வந்தார், 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். அவர் எழுதிவைத்த ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அடுத்த ஆண்டு அச்சானது.