ஒயினின் பண்ணையும் கள்ளின் மரமும்

பட்டுக்கோட்டைப் பக்கம் டாஸ்மாக் கடையை இன்னமும் 'ஒயின் ஷாப்பு' என்றுதான் சொல்கிறோம். 2003-இல் அரசே சில்லறை விற்பனையை எடுத்துக்கொள்ளும் முன் தனியார் கடைப் பலகைகளில் இருந்த 'ஒயின்ஸ்' என்கிற சொல் பேச்சில் ஒட்டிக்கொண்டது. உள்ளே பிராந்தியும் பீரும்தான். திராட்சை ஒயின் கேட்கிற ஆளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். வேறு நாடுகளில் ஒயின் என்றால் ஒரு மண்ணின் பெயர், ஒரு பண்ணையின் பெயர். ஒரு குடிக்கு மண்ணின் பெயர் எப்படி வாய்க்கிறது, யாருக்காக வாய்க்கிறது என்பதுதான் என் கேள்வி. வாய்த்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.

தெற்கு ஸ்பெயினில் ஹெரெஸ் என்றொரு நகரம். ஆங்கிலேயர் வாயில் அது ஷெர்ரி ஆயிற்று. சுண்ணாம்பு மண்ணில் விளையும் பலோமினோ என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து எடுக்கிற வெள்ளை ஒயின் அது. பீப்பாயில் அதன் மேல் நொதி ஆடைபோலப் படர்வதை அங்கே 'பூ' என்கிறார்கள். கப்பலில் இங்கிலாந்து போய்ச் சேரும் வரை கெடாமலிருக்க, காய்ச்சி வடித்த சாராயத்தைச் சேர்த்து 15 சதவீதத்துக்கு மேல் வீரியமேற்றினார்கள். அதாவது, நாம் வியக்கும் அந்த 'மரபு', கடல் வணிகத்தின் தேவையும் கலந்து உண்டானது. ஹெரெஸின் பெயரைக் காக்க 1935-இல் ஒரு கட்டுப்பாட்டுக் குழுவும் அமைந்தது.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். காக்கப்பட்டது யாருடைய பெயர்? புட்டியில் ஊர் இருக்கிறது, முதலாளி குடும்பம் இருக்கிறது. கொடி வெட்டியவன் இல்லை. 1892 ஜனவரி 8 இரவு சில நூறு கூலி விவசாயிகள் ஹெரெஸ் நகருக்குள் புகுந்தார்கள். சிறையிலிருந்த தோழர்களை மீட்பது அவர்கள் நோக்கங்களில் ஒன்று. அடுத்த மாதமே நான்கு பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பிளாஸ்கோ இபான்யெஸ் 1905-இல் எழுதிய 'லா போதேகா' நாவலுக்குப் பின்னணி இந்த ஹெரெஸ்தான். கீழவெண்மணியில் 1968-இல் 44 பேரை எரித்த மண்ணுக்கு இது அந்நியக் கதை இல்லை. பெரும்பண்ணை எங்கே இருந்தாலும் அதன் இலக்கணம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இனி நம் தோப்புக்கு வருவோம். பட்டுக்கோட்டை பழைய டெல்டா அல்ல. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934 வாக்கில் முடிந்த கல்லணைக் கால்வாய், நம்மவர் வாயில் 'புது ஆறு', தண்ணீர் கொண்டுவந்த பூமி. இன்று பட்டுக்கோட்டை, பேராவூரணி என்றாலே தென்னைதான். தென்னையின் விரியாத பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நாள்தோறும் நுனியைச் சீவி, கலயத்தில் இறக்குவது கள். நொதியை யாரும் சேர்க்க வேண்டாம், காற்றிலேயே இருக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள், ஓரிரு நாளில் காடி. எல்லாம் கைப்பக்குவம். ஷெர்ரி கப்பலேறியது, கள்ளோ அடுத்த ஊர்ச் சந்தையைத் தாண்டுவதற்குள் புளித்துவிடும். முதிர வைக்க முடியாது, பதுக்க முடியாது. மையப்படுத்துகிற அதிகாரத்துக்கு இதைவிடத் தொல்லையான சரக்கு எது?

ஆகவே அதிகாரம் மரத்தைப் பிடித்தது. 1886-இன் சென்னை அப்காரிச் சட்டத்தின் கீழ் கள் இறக்கும் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். மரத்துக்கு எண் இருந்தது; ஏறுகிறவர் குத்தகைதாரரின் ஆள். பிறகு ஒழுக்கம் வந்தது. ஒத்துழையாமைக் காலத்தில் பெரியார் சேலம் தாதம்பட்டியில் தம் தோப்பில் 500 தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அவருடைய நேர்மையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனா அந்தச் சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிற நாம், அந்த மரங்களில் ஏறிப் பிழைத்தவன் மறுநாள் என்ன செய்தான்னு ஒருதரமாவது கேட்டோமா? தியாகம் என்று எழுதப்படுவதற்குக்கூட உடைமை வேண்டியிருக்கிறது.

1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அப்காரி வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மாகாணம் முழுக்க விலக்கு. 1971-இல் கடைகள் திறந்தன. 1973-இல் கள்ளுக்கடையும் அடுத்த ஆண்டு சாராயக்கடையும் மூடின. 1981-இல் மீண்டும் திறந்தன. 1987 ஜனவரி 1-இல் மூடிய கள்ளுக்கடை பிறகு திறக்கவே இல்லை. ஆனால் 1983-இல் பிறந்த டாஸ்மாக் வளர்ந்தது. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம், நிறமேற்றி, 'இந்தியாவில் தயாரிக்கப்படும் அயல்நாட்டு மது' என்ற விசித்திரமான பெயரோடு வருகிறது. ஊர் இல்லாத, மரம் இல்லாத குடி. கணக்கெடுக்கத் தோதானது. இந்த வரலாற்றை மதுவிலக்கு வரலாறு என்று படிப்பதைவிட, கைவினைக் குடியை ஆலைக்குடி வெளியேற்றிய வரலாறு என்று படிப்பதே சரி என்பேன்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் இந்தத் தோப்புகளைப் படுக்கப்போட்டது. நிவாரணம் மரக்கணக்கில் வந்தது: ஒரு தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500. மரத்தின் சொந்தக்காரருக்குக் கணக்கு இருந்தது. தேங்காய் பறிக்கிறவருக்கு, மட்டை உரிக்கிறவருக்கு மரக்கணக்கில் ஏது இடம்?

இதனால்தான் கள்ளுக்குத் தடை நீங்க வேண்டும் என்கிற குரலை ஆதரிக்கிற எனக்கு அதன் மொழியில் ஒரு நெருடல். 'விவசாயியின் உரிமை' என்கிறோம். பாளை சீவுகிறவர் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறாரா? 2017-இன் நீரா விதிகளில் உரிமம் பெறும் இடத்தில் இருப்பது தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்கள். பக்கத்துக் கேரளத்தில் 1969-லேயே கள்ளுத் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்துவிட்டது. அங்கே ஏறுகிறவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி. சங்கம் உண்டு, நிதி உண்டு. நாளைக்கே தடை நீங்கி 'பட்டுக்கோட்டைக் கள்' என்று புட்டியில் எழுதப்படலாம். அதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன: பாளையில் பங்கு எவ்வளவு, விழுந்தால் யார் பொறுப்பு, உரிமம் யார் பெயரில்.