சோழி வைத்து எண்ணிய வானம்

மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியில், சென் லூயி ஏரிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் நிலமுனைக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் புவாண்ட்-கிளேர். தெளிந்த முனை என்பது பொருள். 1709-10இல் கட்டப்பட்ட கற்காற்றாலை ஒன்று இன்றும் அந்த முனையில் நிற்கின்றது. 2019ஆம் ஆண்டுப் புயலில் அதன் இறக்கையொன்று முறிந்து விழுந்தது. பெயரிலுள்ள தெளிவு இப்போது பகலுக்கு மட்டுந்தான். இரவில் நகரத்து வெளிச்சம் வானத்தைப் பாலாடை போல் மூடிவிடுகின்றது.

2024 ஏப்ரல் 8ஆம் திகதி பிற்பகல், மூன்றரை மணிக்குச் சற்று முன்னதாக, முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் இத்தீவைத் தொட்டுச் சென்றது. விநாடிக் கணக்கில் எண்ணிவிடக்கூடிய இருட்டு. எம்மவரில் இளையோர் அட்டைக் கண்ணாடியுடன் வெளியே நின்றனர். முதியோர் சிலர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சாப்பிடாமல் உள்ளே இருந்தனர். யாழ்ப்பாணத்தில் அப்போது நள்ளிரவு கழிந்து ஏறக்குறைய ஒரு மணி. சூரியனே இல்லாத நேரத்தில் சூரிய கிரகணம் ஏது? ஊரிலே தென்படாத ஒரு கிரகணத்துக்கு ஊர் முறைப்படி விரதம் இருந்தோம். எங்கள் பஞ்சாங்கம் யாருடைய வானத்தைக் கணிக்கின்றது என்ற கேள்வி அன்றுதான் எமக்குள் வலுத்தது. இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

1760 செப்டெம்பரில் மொன்றியல் பிரித்தானியரிடம் சரணடைந்தது. நான்கு மாதம் கழித்து, 1761 ஜனவரியில், அதே போரில் புதுச்சேரியும் வீழ்ந்தது. அவ்வேளையில் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்ப்பதற்கென்று பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட்ட வானியலாளர் கியோம் லெ ஜாந்தி நடு வழியில் இருந்தார். நகரம் கைமாறிவிட்டது என்ற செய்தி வரவே கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6இல், வானம் தெளிவாக இருந்தும், ஆடும் கப்பலில் இருந்தபடி அளவெடுக்க முடியாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கடப்புக்கு எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்த புதுச்சேரியில் 1768இல் இறங்கினார். 1769 ஜூனில், அந்தக் காலையில், முகில் மூடிக்கொண்டது. 1771இல் வீடு திரும்பியபோது அவர் இறந்துவிட்டார் என்று முடிவுசெய்து உறவினர் சொத்தைப் பங்கு போடத் தொடங்கியிருந்தனர். ஊரில் காணி வைத்திருக்கும் எம்மில் பலருக்கு இது அவ்வளவு புதிய கதையாகப் படாது.

அவர் முகிலோடு மட்டும் திரும்பவில்லை. புதுச்சேரியில் காத்திருந்த நாட்களில் தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதுகோல் இல்லை, அட்டவணைத் தாள் இல்லை. சோழிகளை நிலத்தில் பரப்பி, மனனம் செய்த வாய்பாட்டை முணுமுணுத்தபடி நகர்த்துவார்கள். 1765 ஆகஸ்ட் 30ஆம் திகதிச் சந்திர கிரகணத்தை இம்முறையிற் கணிக்க முக்கால் மணி நேரங்கூடப் பிடிக்கவில்லை. கிரகணம் நீடித்த காலத்தில் வந்த பிழை 41 விநாடி. அக்காலத்தில் ஐரோப்பாவின் பெருமையாக இருந்த தோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி பிழைத்தது.

இதைக் கேட்டவுடன் மார்தட்டிக்கொள்வது எம்மவர் வழக்கம். கொஞ்சம் பொறுப்போம். அறுபது ஆண்டு கழித்து ஜோன் வாரன் என்பவர் அதே புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைக் கண்டார். சாமிநாதன் சேஷையா என்று நாம் வாசிக்கக்கூடிய விதத்தில் அவர் பெயரைக் குறித்தும் வைத்தார். 1825 மே 31 - ஜூன் 1 இரவுக் கிரகணத்தைச் சேஷையா சோழி வைத்துக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, நடுவில் 23, முடிவில் 52. அந்த மனிதருக்குக் கணக்கின் தத்துவம் ஒன்றுந் தெரியாது, நினைவாற்றல் மட்டுமே இருந்தது என்று வாரன் எழுதுகிறார். நிலவின் நிலையை 248 நாளுக்கும் 248 சொற்றொடராக்கி மனனம் செய்வது இம்முறை. அச்சொற்றொடர்களே வாக்கியங்கள், வாக்கிய பஞ்சாங்கம் என்ற பெயர் அதனால் வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். அர்த்தம் தேயத் தேயவும் ஓசை எண்ணைக் காப்பாற்றிக்கொண்டே வந்திருக்கின்றது. 1952இல் இக்கணக்கைப் பிரித்துப் பார்த்து, அதன் வேர் பாபிலோனிய எண்முறை வரை போவதைக் காட்டியவர் ஒட்டோ நோய்கெபவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜேர்மனியை விட்டு வெளியேறியவர். அவரும் ஒரு புலம்பெயர்ந்தவர்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கு சண்டைக் களமாகியது. 1829 மார்ச்சில் வரவிருந்த சந்திர கிரகணத்தை அராலி விசுவநாத சாஸ்திரியார் தம் பஞ்சாங்கத்தில் குறித்திருந்தார். பக்கத்து ஊரான வட்டுக்கோட்டையில், 1823இல் தொடங்கிய அமெரிக்க மிஷன் செமினரியில், டானியல் பூவர் வேறு கணக்குக் காட்டினார். அந்த இரவு சந்திரன் பூவர் பக்கம் நின்றது. இராகுவுங் கேதுவும் பொய் என்று மிஷன் இதை வைத்துப் பிரசாரஞ் செய்தது. ஆனால் சாஸ்திரியார் பாம்பை வைத்துக் கணிக்கவில்லை, எண்ணை வைத்துத்தான் கணித்தார். பிழைத்தது பழைய எண். தோற்றதாகச் சொல்லப்பட்டதோ புராணம். இரு பக்கத்தாரும் இந்த வேறுபாட்டை வசதியாக மறந்தனர் என்பதே எம் அபிப்பிராயம். நியாயமாகச் சொன்னால், தமிழ்ச் சோதிட நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டவரும் அதே செமினரியைச் சேர்ந்த ஹொய்சிங்டன்தான்.

இன்றும் ஊரில் கொக்குவில் வாக்கியம் ஒன்று, மட்டுவில் திருக்கணிதம் ஒன்று. ஒரே திருவிழாவுக்கு இரண்டு திகதி வந்து சச்சரவுப்படுவதை நாம் இங்கும் காவி வந்திருக்கிறோம். காவி வராதது, மேலே பார்க்கும் பழக்கம். அதற்கு நாம் மட்டும் காரணமல்ல. 1990 நடுப்பகுதியிலிருந்து குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. பால்வீதி முற்றத்தில் இறங்கியது போன்ற இருட்டு. அந்த வானத்தில் நாம் தேடியது நட்சத்திரத்தையா? பொம்பரின் இரைச்சலையும் பரா லைற்றையும் அல்லவா? வானம் பார்த்தவுடன் பங்கருக்குள் ஓடிய பிள்ளைக்குக் கார்த்திகைக் கூட்டத்தை யார் காட்டியிருப்பார்கள்?

அந்தப் பிள்ளைகள் இன்று இங்கே பெற்றோர். நாற்பதாம் நெடுஞ்சாலையால் வேலைக்குப் போகையில், புவாண்ட்-கிளேருக்கு மேற்கே சென்ட் ஆன் டெ பெல்வியூவில் செயற்கைக்கோள் செய்யும் தொழிற்சாலையைக் கடந்துதான் போகிறார்கள். ஆற்றுக்கு அப்பால் சென் உய்பேரில் கனடிய விண்வெளி முகவரகத்தின் தலைமையகம். இவ்வளவு அருகில் இருந்துகொண்டு, திதிக்கு மட்டும் ஊரிலிருந்து வந்த தாளைப் பார்க்கிறோம்.

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள பன்னிரண்டு பாகைக் கோணம். அது மாறும் கணம் உலகெங்கும் ஒன்றே. கோடையில் ஒன்பதரை மணியும் மாரியில் பத்தரை மணியும் கழித்தால் மொன்றியல் நேரம் வந்துவிடும். ஆனால் எந்த நாளுக்கு எந்தத் திதி என்று தீர்மானிப்பது சூரிய உதயம், அது அந்தந்த இடத்துக்குரியது. கிரகணமும் அப்படியே. டொலார்ட்-டெ-ஓர்மோ முருகன் கோயில் வாசலில் நின்று கொக்குவில் உதயத்தைக் கணக்கெடுப்பது பொருந்தாது. இந்த இடத்துக்கு ஒரு பஞ்சாங்கம் கணித்தால் அது சேஷையாவுக்கும் சாஸ்திரியாருக்கும் துரோகமாகாது. அவர்களும் தம் தம் ஊருக்கே கணித்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் துருவ நட்சத்திரம் தொடுவானிலிருந்து ஏறக்குறையப் பத்துப் பாகைதான் உயரும், பனங்கூடல் மறைத்துவிடும். புவாண்ட்-கிளேரில் அது நாற்பத்தைந்து பாகை உயரத்தில், வானத்தின் பாதி வழியில் நிற்கின்றது. ஊரில் தெற்கே மினுங்கும் அகத்தியர் இங்கே ஒருநாளும் உதிப்பதில்லை. கலியாண மண்டபத்தில் கூரையைக் காட்டி ஐயர் பார்க்கச் சொல்லும் அருந்ததியோ, இந்த ஏரிக்கு மேலே ஆண்டு முழுவதும் அஸ்தமிப்பதேயில்லை. முகில் இல்லாத எந்த இரவிலும் வடக்கே திரும்பிப் பார்த்தால் தெரியும், காற்றாலைப் பக்கத்து விளக்குகளைக் கையால் மறைத்துக்கொண்டால்.