இடுப்பு வலியும் ஊசி மருந்தும்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின்முன் நின்று பாடஞ் சொன்ன எனக்கு, ஓய்வூதியத்தோடு நாட்பட்ட இடுப்பு வலியும் வந்து சேர்ந்தது. ஊரப்பாக்கத்து அன்பர் ஒருவர், “முதுகில் ஓர் ஊசி போட்டுக்கொண்டேன், பத்தே நாளில் வலி போயிற்று. நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள், ஐயா” என்றார். உடன்படுமுன் அந்த ஊசியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1884-இல் வியன்னா மருத்துவர் கார்ல் கோலர், கொக்கெயின் கண்ணை மரத்துப்போகச் செய்வதைக் காட்டினார். 1901-இல் பாரிசில் சிக்கார், கத்தலேன் என்னும் இருவர், ஒருவரையொருவர் சாராது, முதுகெலும்பின் கீழ்க்கோடியிலுள்ள துளை வழியே மருந்து செலுத்தும் முறையை வெளியிட்டனர். சிக்கார் அதனை இடுப்பு வலிக்கும், காலில் இறங்கும் நரம்பு வலிக்கும் பயன்படுத்தினார். 1934-இல் அமெரிக்கரான மிக்ஸ்டரும் பாரும், முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால்வலி உண்டாகலாம் என விளக்கினர். அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசோன் ஆராய்ச்சிக்கு 1950-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அவ்வினத்து மருந்தை 1952-இல் இத்தாலியில் நரம்பு வேரின் அருகே செலுத்தினர். இன்றைய ஊசியின் பிறப்பு இதுவே.

மாணவர்களே, இடுப்பு வலி தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. அன்பரின் வலியைத் தணித்தது மருந்தா, காலமா? ஒருவரின் அனுபவம் இதற்கு விடை தராது. விடை காணும் வழியை நம் மண்ணே அறியும். 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் காசநோய்த் தடுப்பூசியைச் சோதித்தபோது, சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தற்ற கரைசலும் செலுத்தி, ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டனர். பெரியோரின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் கடுங்காசநோயைத் தடுக்க அது இன்றும் இடப்படுகிறது. எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதை ஒப்பீடே பிரித்துக் காட்டும்.

இடுப்பு ஊசியும் அவ்வாறே சோதிக்கப்பட்டது. காலில் இறங்கும் நரம்பு வலிக்குச் சிறிது காலம் சிறிதளவு தணிவு உண்டு; வெறும் இடுப்பு வலிக்குத் தக்க பயன் காணவில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டும் நிறுவனம் 2016-இல், இடுப்பு வலிக்கு முதுகெலும்பு ஊசி வேண்டா என்றது. திடீரென எழும் கடுமையான கால் நரம்பு வலிக்கு மட்டும் அதைக் கருதலாம் என்றது. தீங்கும் இல்லாமலில்லை: 2012-இல் அமெரிக்காவில் பூஞ்சை கலந்த ஊசிமருந்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

என் கால்களில் நரம்பு வலி இல்லை. மருத்துவர் சோதித்துவிட்டு, ஊசி வேண்டா என்று உடற்பயிற்சி கற்பித்தார். இப்போது காலையில் ஏரிக்கரையில் நடக்கிறேன். வலி முற்றும் போகவில்லை; ஆயினும் ஒரு மணி நேரம் நின்று பேச முடிகிறது. அன்பரும் உடன் நடக்கிறார். அவர் வலியும் இடையிடையே திரும்பி வருகிறதாம்.